உயிலும் பட்டாவும் தான செட்டில்மென்டும்: எது எதற்கு?

கருவேப்பிலங்குறிச்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஒரு குடும்பத்தின் சொத்து என்றால் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, வங்கியில் ஒரு வைப்புத்தொகை, சிலருக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பங்கு. உயில், அறக்கட்டளை எல்லாம் பெரும் பணக்காரர்களுக்கு உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிறிய சொத்துக்குத்தான் முன்யோசனை அதிகம் வேண்டும். இரண்டு ஏக்கருக்காக அண்ணன் தம்பி பல ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்தால், வழக்குச் செலவே அந்த நிலத்தைத் தின்றுவிடும்.

எதுவும் எழுதி வைக்காமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு? இந்து ஆண் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாய் ஆகிய அனைவருக்கும் சமபங்கு. அவருக்கு முன்பே இறந்துவிட்ட பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. நடைமுறையில் விட்டுப்போகிறவர்கள் இருவர்: தாயும் கட்டிக்கொடுத்த மகளும். “சீர் செய்தாயிற்று, இனிப் பங்கில்லை” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது; அது அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும் பொருந்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பெண்ணின் சொத்துக்கு விதி வேறு. பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் உழைத்து வாங்கியதும் கணவருக்கு, அவர் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் தந்தை வழிக்குத் திரும்பும். கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட தங்கைக்கோ தங்கை மகளுக்கோ தன் சொந்த உழைப்பு சேர வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்கு உயில் எழுதுவது கட்டாயத் தேவை.

சட்டம் பிரித்துக் கொடுப்பதற்கு மாறாக ஒருவருக்கு விருப்பம் இருந்தால் அதற்கு வழி உயில்தான். ஆனால் தன்னுடையதை மட்டுமே உயிலில் எழுத முடியும். சொந்தச் சம்பாத்தியத்தை விரும்பியவருக்குக் கொடுக்கலாம். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம். முழுவதையும் ஒரே மகனுக்கு எழுதிவைத்தால், மற்றவர்களின் பங்கைப் பொறுத்தவரை அந்த உயில் செல்லாது. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ இட வேண்டும். அதை நேரில் பார்த்த சாட்சிகள் குறைந்தது இருவர், எழுதுபவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் நல்லது, ஏனெனில் மூலம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். பதிவான உயிலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முறைப்படி கடைசியாக எழுதியதே செல்லும்.

பலரும் தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. “ரிஜிஸ்தர் செய்தாயிற்று, இனி யாரும் கேட்க முடியாது” என்று நம்புகிறார்கள். உயிலை ஒரு வாரிசு மறுத்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருக்கும்வரை அவர் கூண்டேறி, “நான் பார்க்க இவர் கையெழுத்திட்டார்” என்று சொல்ல வேண்டும். பதிவு முத்திரை அந்தச் சாட்சியத்துக்கு ஈடாகாது. சொத்தைப் பெறப்போகிறவரே முன்னின்று உயிலை எழுத வைத்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை என்றும், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்றும் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் பின்பற்றப்படுகிறது. ஆகவே சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக, ஊரில் தேடினால் கிடைப்பவர்களாக இருக்கட்டும். முதுமையில் எழுதினால் தெளிந்த மனநிலைக்கு மருத்துவர் சான்று வாங்கி இணையுங்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, செக்குபந்தி ஆகியவற்றைத் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்தது புரொபேட். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று இது. சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலுக்கும், அங்குள்ள வீடு, மனை பற்றிய உயிலுக்கும் இந்துக்களுக்கு இது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. விருத்தாசலம் வட்டத்தில் எழுதி, இங்குள்ள நிலத்தைப் பற்றியே பேசும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் அப்போதும் இருந்ததில்லை. அதை வலியுறுத்திய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. விரும்பினால் இப்போதும் பெறலாம். உயிலில் நிறைவேற்றுநர் ஒருவரின் பெயர் இருந்தால் அவருக்குத்தான் புரொபேட் கிடைக்கும். ஆனால் புரொபேட் உயில் உண்மையானது என்று சொல்லுமே தவிர, அந்த நிலம் எழுதியவருக்குச் சொந்தமா என்று தீர்ப்பதில்லை. கட்டாயம் போனது, மெய்ப்பிக்கும் கடமை போகவில்லை.

உயிலையும் தான செட்டில்மென்டையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு ஆபத்து. உயில் இறந்தபின் நடப்புக்கு வரும். செட்டில்மென்ட் பதிவான அன்றே உரிமை கைமாறும். மனம் மாறினால் தனியாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் நலச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயம் மீட்டுத் தரலாம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அன்பினால் கொடுத்தது என்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அதை நம்பி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். ஒரே வீடு உள்ளவருக்கு எங்கள் பரிந்துரை உயில்தான்.

அறக்கட்டளை எப்போது? சொத்தைத் தானே நிர்வகிக்க முடியாத ஒருவருக்காக, உதாரணமாக மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்காக, அது நீண்டகாலம் காக்கப்பட வேண்டும் என்றால். உயிலிலேயே அதை நிறுவலாம். அந்தப் பிள்ளை 18 வயதைத் தாண்டிய பிறகு சட்டப்படியான பாதுகாவலரை, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பெறலாம். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்குப் பச்சையப்ப முதலியார் சான்று. அவர் 1794-இல் உயில் எழுதிவைத்து, அதே ஆண்டில் இறந்தார். செல்வத்தின் பெரும்பகுதி அறத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தும், குடும்பத் தகராறும் பொறுப்பாளர்களின் மெத்தனமும் அதை முடக்கின. நீதிமன்றம் தலையிட்டபின், அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது 1842-இல். அறங்காவலர் யார், அவருக்குப் பின் யார், கணக்கை யார் பார்ப்பது என்ற மூன்றையும் எழுதாத அறக்கட்டளைக்கு இன்றும் அதே கதிதான்.

இன்னும் சில தவறான நம்பிக்கைகள். நாமினி பணத்தை வாங்கித் தருபவர். வங்கி வைப்பில் அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டும் உரிமையை நிலைநாட்டாது. வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பட்டறையில் கூட்டு இருந்தால், வேறு ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதாதவரை ஒரு பங்குதாரரின் மரணத்தோடு அந்தக் கூட்டு கலைந்துவிடும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்படும் இந்த வட்டாரத்தில் பாகப்பிரிவினை செய்யாமல் கிடக்கும் நிலத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வாரிசுகள் பங்கில் ஒத்துப்போகாவிட்டால், தீர்ப்பு வரும்வரை இழப்பீடு கைக்கு வராது.

உயில் எழுதச் சொல்வது சாவை அழைப்பது என்று தயங்காதீர்கள். சொத்துகளையும் கடன்களையும் ஒரு தாளில் பட்டியலிடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனைவியோடும் மகன்களோடும் மகள்களோடும் சேர்த்துப் பேசுங்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, நல்ல சாட்சிகளை வைத்து எழுதி, அது எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையானவர் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். உடம்பும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.