சின்னத் தொட்டியில் எத்தனை கல்?



நேற்று முன்னாள் மாணவர் ஒருவர் தன் வீட்டு மீன் தொட்டியின் படத்தை அனுப்பி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டிருந்தார். இரண்டடித் தொட்டி. பாதிக்கு மேல் கல். மலைத்தொடர் மாதிரி அடுக்கி, நடுவே வெள்ளை மணலில் ஒரு பாதை விட்டிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. லைக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதே மாதிரி அடுக்கி நான் பன்னிரண்டு மீன்களைச் சாகடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய தொட்டி அது. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். 54 லிட்டர் என்றார் கடைக்காரர். நானும் மனக்கணக்குப் போட்டுத் தலையாட்டினேன். முப்பது வருடம் கனசெவ்வகத்தின் கன அளவு நடத்தியவன் அல்லவா! யூடியூபைப் பார்த்துப் பத்து கிலோ கல் அடுக்கி, செடி நட்டு, நியான் டெட்ரா பன்னிரண்டு விட்டேன். மூன்றாம் மாதம் மீன்கள் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப்புள்ளி. மருந்து வாங்கி 54 லிட்டருக்கு உண்டான சொட்டுகளை எண்ணி விட்டேன். இரண்டே நாளில் பன்னிரண்டும் போய்விட்டன. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

தொட்டியைக் காலி செய்யும்போதுதான் தண்ணீரை வாளியில் அளந்தேன். ஏறக்குறைய 36 லிட்டர். உட்கார்ந்து கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. அடியில் 5 செ.மீ. மண் என்றால் அது 9 லிட்டர் இடம். மேலே 3 செ.மீ. காலியாக விட்டது 5.4 லிட்டர். கல்லின் அடர்த்தி சுமார் 2.6, பத்து கிலோ கல் கிட்டத்தட்ட 4 லிட்டரைத் தள்ளிவிடும். ஆக, மீன்களுக்குப் போனது ஒன்றரை மடங்கு மருந்து. போதாக்குறைக்கு, மாலக்கைட் பச்சை கலந்த மருந்தை டெட்ரா இனம் தாங்காது, பாதி அளவுதான் விட வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது என் கருத்து. சின்னத் தொட்டிக்கு மரம்தான் சரி. கல் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கல்லை அடுக்கினால் அதன் பின்னால் கழிவு சேரும், சைபன் குழாய் அங்கே எட்டாது. கிளை பிரிந்த ஒரு வேர்க்கட்டை அவ்வளவு இடத்தைப் பிடிக்காது. அடியில் மீன் நுழைந்து போகும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மண்ணில் புதைக்காமல் கட்டையில் தையல் நூலால் கட்டிவிட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். நியான் டெட்ராவின் ஊர் அமேசான் படுகை. அங்கே விழுந்த மரமும் இலையும் கிடக்கும் ஓடைகளில் வாழ்கிற மீன் அது. மலைத்தொடரை அது எங்கே கண்டது?

கட்டை போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வருகிறது என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். வேகவைத்து, சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் குறையும். முதல் சில வாரம் கட்டைமேல் வெள்ளையாக வழவழவென்று ஏதோ படியும். அதுவும் தானே போய்விடும். எனக்கு அந்த டீ நிறம் பிடித்திருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

"அமானோ கல்லை மட்டும் வைத்தே செய்தாரே சார்" என்று கேட்பீர்கள். ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) மேல் எனக்கு மரியாதை உண்டு. கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்து, அதில் ஒன்றைத் தாய்க்கல்லாக்கும் இவாகுமி முறையை உலகம் அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டது. ஆனால் அவர் ஒளிப்படக் கலைஞர். படத்துக்கு எது அழகு என்று அவருக்குத் தெரியும். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவர் கடைசியாக அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். நம்முடையது 36. அங்கே தவறு நடந்தால் தண்ணீர் தாங்கும், இங்கே தாங்காது.

இன்னொன்று. எங்கோ பார்த்த அழகான கல்லைக் கையோடு கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் அரியலூர் வட்டாரமே சுண்ணாம்புக்கல் பூமி. அந்தக் கல் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றும். மென்னீர் மீனுக்கு ஆகாது. காய்ந்த கல்லில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட்டுக் காதருகே வைத்துப் பாருங்கள். சர்ரென்று நுரைத்தால் அது தோட்டத்துக்கு. கடையில் விலை கொடுத்து வாங்கும் கல்லையும் சோதியுங்கள். செய்ரியு என்று விற்கிறார்களே, அதிலும் சுண்ணாம்பு உண்டு.

படம் அனுப்பிய தம்பிக்கு: இடது பக்க அடுக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். வலது பக்கம் அந்தப் பெரிய கல்லும் இரண்டு சின்னதும் இருக்கட்டும். பெரிய கல்லை மண்மேல் நிறுத்தாமல், முதலில் அடியில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு மண் போடுங்கள், சாயாது. அதன்மேல் ஒரு கட்டையைச் சாய்த்து வையுங்கள். தண்ணீரை வாளியால் எண்ணி ஊற்றி, மொத்தம் எத்தனை லிட்டர் என்று ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் பின்பக்கம் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு லைக் போடுகிறேன்.