அண்ணாந்து பார்க்க வேண்டிய கொட்டகை

படகுக் கொட்டகைக்குள் புதிதாக நுழைபவர் காலடியைப் பார்த்து நடப்பார். ஈரம், பாசி, சுருட்டிப் போட்ட கயிறு என்று வழுக்கி விழ எல்லா வசதியும் இருக்கும். பழகியவர் நேராகக் கூரையைப் பார்ப்பார். விஷயம் அங்கேதான் தொங்குகிறது. தரை எப்படியும் ஆற்றுக்குச் சொந்தம். வெள்ளம் வந்தால் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நனையக் கூடாதது, எலி கடிக்கக் கூடாதது, உதவாவிட்டாலும் தூக்கி எறிய மனம் வராதது எல்லாம் விட்டத்தில் ஏறிவிடும். நம் வீட்டுப் பரண் பார்க்கும் அதே வேலை.

ஆக்ஸ்ஃபோர்டில் அப்படி ஏறியவை துடுப்புகள். ஏறக்குறைய 12 அடி நீளம். படகுக் கூடங்களில் தொடங்கி, கல்லூரி மதுக்கூடம், மாடிப்படிச் சுவர் வரை மாட்டியிருக்கிறார்கள். துடுப்பின் அகன்ற முனையில் கல்லூரியின் வண்ணம், சின்னம், ஆண்டு. அதன் கீழே தங்க எழுத்தில் எட்டுப் பேரின் பெயர்கள். கொஞ்சம் நெருங்கிப் போனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சில எண்கள் தெரியும். மதிப்பெண் என்று நினைத்தால் ஏமாற்றம். அது அந்த ஆளின் உடல் எடை! ஸ்டோன், பவுண்டு கணக்கில். கடைசியில், துடுப்பே போடாமல் சுக்கான் பிடித்து அதட்டிக்கொண்டு வந்த ஒன்பதாவது ஆளின் பெயர். பெரும்பாலும் பட்டியலிலேயே சிறிய எடை அவருடையது. நம் ஊர்க் கபடிக் கோப்பையில் இப்படிப் பொறித்தால் பாதி அணி பரிசு வாங்கவே மேடையேறாது.

இந்தத் துடுப்பைச் சம்பாதிக்கும் முறையும் விசித்திரம்தான். அங்கே ஆறு குறுகல். படகுகள் பக்கம் பக்கமாகப் போக இடமில்லை. எனவே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி விரட்ட விடுகிறார்கள். முன்னால் போகும் படகைப் பிடித்து இடித்தால் மறுநாள் ஓரிடம் முன்னேறலாம். நான்கு நாள் போட்டியில் நாள் தவறாமல் இடித்த அணிக்குத்தான் எழுத்துப் பொறித்த துடுப்பு. நாள் தவறாமல் இடி வாங்கிய அணிக்கு ‘கரண்டி’ கிடைத்ததாகச் சொல்வார்கள்.

வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் இந்த விளையாட்டும் கூடவே போனது. அடையாற்றங்கரையின் மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. இன்று போட் கிளப் ரோடு என்றதும் சென்னைவாசிக்கு ஞாபகம் வருவது துடுப்பல்ல, மனை விலை.

அப்படிக் கடல் கடந்தவர்களில் தேம்ஸ் கரையின் படகுத் தச்சர் குடும்பமான போகாக் குடும்பத்தினரும் உண்டு. தந்தை ஈட்டன் பள்ளிக்குப் படகு கட்டியவர். மூத்த மகன் டிக் 1910இல் ‘டாகெட்’ போட்டியில் வென்றார். லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை, 1715 முதல் நடந்துவரும் படகோட்டிகளின் பந்தயம் அது. பரிசு ஒரு சிவப்புக் கோட்டும், கையில் அணியப் பெரிய வெள்ளி வில்லையும். தம்பி ஜார்ஜ் வேறொரு பந்தயத்தில் வென்ற பணம் கப்பல் டிக்கெட் ஆனது. 1911இல் இருவரும் கனடாவின் வான்கூவரில் போய் இறங்கினார்கள்.

அவர்களை அங்கிருந்து அமெரிக்காவின் சியாட்டிலுக்கு இழுத்து வந்தவர் ஹிரம் கோனிபியர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் படகுப் பயிற்சியாளர்; வேலையில் சேர்ந்தபோது அவருக்குப் படகோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடத்து எலும்புக்கூடு ஒன்றை இரவல் வாங்கி, இருக்கையில் உட்கார்த்தி, கையில் துடைப்பக் கட்டையைக் கட்டி, முதுகு எங்கே வளைகிறது என்று இழுத்து இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்பது அங்கே பிரசித்தமான கதை. மனிதர் தண்ணீரில் சாகவில்லை. 1917இல் பிளம் மரத்தில் ஏறியவர் விழுந்து இறந்தார்.

படகுக் கொட்டகையின் கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. 1918இல் அமெரிக்கக் கடற்படை, நீரில் இறங்கும் விமானங்களுக்காகப் பல்கலைக்கழக ஏரிக்கரையில் அகலக் கதவுகளோடு ஒரு மரக் கொட்டகை கட்டியது. போர் முடிந்ததும் அது படகுகளுக்கு வந்து சேர்ந்தது. ஜார்ஜ் போகாக்கின் பட்டறை அதன் மாடிக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: இடையில் வேலையில்லாத நாட்களில் போகாக் போயிங் நிறுவனத்தில் விமானங்களுக்கு மிதவை செய்துகொண்டிருந்தவர். படகுத் தச்சர் விமானத்துக்குப் போனார். விமானக் கொட்டகை படகுக்கு வந்தது.

அந்த மாடியில் அவர் இழைத்த மரம் அந்தப் பகுதியிலேயே வளரும் சிவப்பு செடார். சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, நீராவி காட்டி, சட்டத்தின் மேல் வளைத்து ஒட்டினார். செடார் ஈரம் குடித்ததும் நீள்வாக்கில் லேசாக நீளப் பார்க்கும்; அடிக்கட்டை விடாது. அந்த இழுபறியில் படகு முழுக்க நூலிழை அளவு வில்லாக வளைந்து நிற்கும். நாண் ஏற்றிய அந்த விறைப்புதான் படகுக்கு உயிர் என்பது அவர் கணக்கு. இவ்வளவு மெல்லிய சாமானைத் தரையில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாங்கியில் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையேல் தொங்கவிட வேண்டும்.

அங்கே பிறந்த ஒரு படகுக்கு ‘ஹஸ்கி கிளிப்பர்’ என்று பெயர். நீளம் 60 அடிக்கு மேல். 1936 ஒலிம்பிக்கில் பெர்லினின் குரூனாவ் பகுதி ஏரியில், ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க, வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் ஏறினார்கள். தாளம் கொடுக்க வேண்டிய டான் ஹ்யூமுக்கு உடம்பு சரியில்லை. ஒதுக்கிய தடம் காற்று அறையும் ஓரத்தில். புறப்படும் குரலும் சரியாகக் காதில் விழவில்லை. கடைசியாகக் கிளம்பி, 2,000 மீட்டரை 6 நிமிடம் 25.4 விநாடியில் முடித்தார்கள். இத்தாலி 6:26.0, ஜெர்மனி 6:26.4. முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு விநாடி.

அந்தப் படகு இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய கொட்டகையில் இல்லை. 1949இல் கட்டப்பட்ட புதிய கூடத்தில். பிளம் மரத்திலிருந்து விழுந்தவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக்கூடத்தின் விட்டத்தில், மேசைகளுக்கு நேர் மேலே படகு. போட்டி ஜெயித்த படகின் அடிவயிற்றைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். பந்தயத்தன்று எதிராளிக்குக்கூட அந்தப் பக்கம் தெரிந்திருக்காது.

2023இல் ஜார்ஜ் குளூனி இந்தக் கதையைப் படமாக்கினார். படத்துக்காக ஹஸ்கி கிளிப்பரைப் போலவே புதிதாகப் படகு கட்டிக்கொண்டார்கள். அசல் இறங்கவில்லை. கீழே பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்க, அது பாட்டுக்கு மேலே கிடந்தது.