‘முதல் இந்தியர்’ என்ற பட்டம்

ஆண்டிபட்டி கணவாயின் இரு பக்கமும், உசிலம்பட்டி முதல் கம்பம் வரை, பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஒரு பேச்சு வேர்பிடித்துவிட்டது: “இந்தியாவின் முதல் மனிதர் நாங்கள்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துப் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது.”

பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் சேகரித்த மாதிரிகளில், உசிலம்பட்டி வட்டாரத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற மரபுக்குறி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகப் புறப்பட்டு வந்த பழங்குழு ஒன்றின் சுவடு அது. அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் 2002இல் எழுதிய நூலும் அதையொட்டிய ஆவணப்படமும் சேதியை உலகெங்கும் கொண்டுபோயின. குறி உண்மை. அதன்மேல் கட்டிய பெருமைதான் நிற்கவில்லை.

எம்130 ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். நம் உறவுமுறையில் சொன்னால், அது பங்காளி வழி. தாய், தாய்மாமன், அப்பத்தா பிறந்த வீடு, இத்தனை பேருக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள் வருகின்றன. முறைப்பெண் கட்டும் வழக்கத்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார். அதைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கானோர் மிஞ்சுவார்கள். ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைத்தான் காட்டுகிறது. மாமன் மச்சானை விட்டுவிட்டு வம்சம் பேசுகிறவரை நம் ஊரில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அந்தக் குறி பிறமலைக் கள்ளருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அவர்களிலேயே பெரும்பாலோரிடம் அது இல்லை. அதன் கிளைகள் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் உண்டு, மங்கோலியரிடம் ஏராளமாக உண்டு, வட அமெரிக்கப் பழங்குடிகள் சிலரிடமும் உண்டு. குறி தோன்றி ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பது கணிப்பு. அன்று கள்ளரும் இல்லை, கவுண்டரும் இல்லை, தமிழே இல்லை.

அந்தக் குறியுடைய ஒருவர் இன்று உசிலம்பட்டியில் வாழ்வதால் அவர் முன்னோர் அத்தனை காலமும் அங்கேயே இருந்தார்கள் என்றும் ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் வெவ்வேறு காலத்தில் வந்து குடியேறிய மண் இது. மேலே மலையில் பளியர் பழங்குடிகள் இருக்கிறார்கள். இவர்களில் மூத்தவர் யார் என்று கேட்பதே தவறு: எல்லோருடைய வழியும் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகிறது, எல்லோரும் அங்கிருந்து ஒரே தூரம் வந்தவர்களே.

அப்படியானால் சாதிக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லையா என்று எதிர்ப்பக்கத்தார் கேட்பார்கள். உண்டு, ஆனால் அது பெருமைப்பட ஒன்றுமில்லாத சம்பந்தம். பிச்சப்பன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்கள் என 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் ஆராயப்பட்டன. இவ்விரு சாராரிடமும் பெரும்பகுதி இந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டு பழமையுள்ள பொது வழிகளே. குழுக்கள் பிரிந்தது வர்ண முறைக்கு முந்தி, பிழைப்பு முறையை ஒட்டி. கடந்த மூவாயிரம் ஆண்டில் கலப்பு குறைவு என்றது அந்த ஆய்வு. உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதன் விலையை மருத்துவமனையில் பார்க்கலாம். ஆரிய வைசியச் சமூகத்தாரில் சிலருக்கு, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து ஒன்று உடலில் எளிதில் சிதைவதில்லை. மயக்க மருத்துவர்கள் அறிந்து நடக்கவேண்டிய சங்கதி இது.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. பிறமலைக் கள்ளரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது வெள்ளையர் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதை எதிர்த்தவர்களில் பலர் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தார்கள். பிறப்பை வைத்து மனிதனை அளக்காதே என்பதுதான் அவர்கள் வழக்கு. இன்று அதே பிறப்பை வைத்து உயர்வு கொண்டாடினால், வெள்ளைக்காரன் வாதத்தைத் தலைகீழாக்கி நாமே ஒப்புக்கொள்கிறோம்.

பிச்சப்பனுக்கும் இதில் நியாயம் கிடைக்கவில்லை. அடிப்படையில் அவர் நோய் எதிர்ப்பியல் அறிஞர். ஒரே கிருமி எல்லோரையும் தாக்க, சிலருக்கு மட்டும் காசநோய் வருவது ஏன் என்ற கேள்வியோடு, நோய் எதிர்ப்பில் பங்குள்ள எச்எல்ஏ மரபணுக்களைத் தென்தமிழ்நாட்டு மக்களிடம் ஆண்டுக்கணக்கில் தேடியவர். தொழுநோய்க்கு ஆளாகும் தன்மை பத்தாவது குரோமோசோமின் ஒரு பகுதியோடு தொடர்புள்ளது என்று 2001இல் காட்டிய ஆய்விலும் அவர் பங்கு உண்டு. 2005இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் மரபணு ஆய்வுத் திட்டத்தின் இந்தியப் பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. இத்தனையும் மறந்து ‘முதல் மனிதனைக் கண்டுபிடித்தவர்’ என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிட்டோம்.

தேனிக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் இந்தப் பேச்சு வரும்போது அந்த 2012 ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.