அக்கி ஆறிடுச்சு... வலி மட்டும் ஏன் போகல?

"கொப்புளமெல்லாம் காஞ்சு போச்சு. ஆனா சட்டை உரசினாலே நெருப்பு பட்ட மாதிரி எரியுது!"

அக்கி வந்துபோன தாத்தாவோ பாட்டியோ இப்படிச் சொன்னால், தோலைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று கடந்துபோகாதீர்கள். வலி உண்மையானது. பிரச்சினை தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

சின்னம்மை குணமானாலும் அதை உண்டாக்கிய கிருமி உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் தூங்கும்.

அதை எழவிடாமல் காவல் காப்பவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் 'டி' அணுக்கள். வயது ஏற ஏற அந்தக் காவல் தளர்கிறது. கிருமி விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வந்தால் அதுதான் அக்கி. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவதும் அதனால்தான்.

காவல் காப்பதே காயப்படுத்துமா?

ஆமாம். கிருமி விழித்ததும் எதிர்ப்பு அணுக்கள் நரம்பு முடிச்சுக்குள் குவிகின்றன. அங்கு ஏற்படும் அழற்சி கிருமியோடு சேர்த்து நரம்பையும் பதம்பார்க்கிறது. கிருமியும் தன் பங்குக்கு நரம்பைச் சிதைக்கிறது.

சண்டை முடிந்த பிறகும், சேதமடைந்த நரம்பு 'வலிக்குது' என்று மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது மெல்லிய தொடுதல்கூட வலியாகத் தெரியும். அக்கி வந்தவர்களில் சுமார் 10 முதல் 18 விழுக்காட்டினருக்கு இந்த வலி நீடிக்கிறது. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்.

அப்போ அழற்சியை அடக்கினால் போதாதா?

அவ்வளவு சுலபமில்லை. அக்கியின்போது ஸ்டீராய்டு கொடுப்பது நீண்டகால வலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கிருமியை எதிர்க்கும் மாத்திரைகளைத் தடிப்பு தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அக்கியின் கடுமை குறையும். ஆனால் பின்னால் வலியே வராது என்று அவையும் உத்தரவாதம் தருவதில்லை.

"முதல்ல அக்கி எழுதிப் பார்ப்போம்" என்று காத்திருந்தால் அந்த 72 மணி நேரமும் போய்விடும். கண்ணைச் சுற்றி வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வேறு என்னதான் வழி?

தளர்ந்த காவலை முன்கூட்டியே பலப்படுத்துவது. 'ஷிங்ரிக்ஸ்' தடுப்பூசி செய்வது அதைத்தான். 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய சோதனைகளில் அது 90 விழுக்காட்டுக்கும் அதிகமான பாதுகாப்பு தந்தது. இரண்டு முறை போட்டுக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் 1 முதல் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இதுவும் உண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டோர் ஆகியோருக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் கட்டணக் கழிவு தருகிறது.

வலி ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரை பலருக்கும் போதாது. பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இந்த வார இறுதியில் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பாட்டி, அக்கி ஊசி போட்டாச்சா?"