கூண்டு விரிகிறது, சான்று விரியவில்லையே!

இடுப்புப் பகுதி முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சையில் இப்போது 'விரியும் கூண்டு'களுக்கு நல்ல மவுசு. சுருங்கிய நிலையில் சிறு துளை வழியே உள்ளே போகும். டிஸ்க் இருந்த இடத்தில் வைத்துத் திருகினால், கார் ஜாக்கி மாதிரி உயரும். நரம்பை அதிகம் விலக்க வேண்டியதில்லை. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஜாக்கியை அளவுக்கு மீறி ஏற்றினால்? எலும்பின் தகடு நொறுங்கி, கூண்டு அதற்குள்ளேயே புதையலாம். எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

அமெரிக்காவில் இவை பெரும்பாலும் 510(கே) வழியில் சந்தைக்கு வருகின்றன. ஏற்கெனவே விற்கும் கருவிக்குச் சமம் என்று காட்டினால் போதும். நோயாளிகளிடம் சோதித்த முடிவு பெரும்பாலும் தேவையில்லை. எஃப்.டி.ஏ.விடம் 'பழையதற்குச் சமம்', டாக்டரிடம் 'பழையதைவிட மேல்'! இரட்டை நாக்கு இல்லையா இது?

அதைவிட அடிப்படையான கேள்வி, இணைப்பே எல்லோருக்கும் தேவையா? 2016-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 247 பேர். தண்டுவடக் கால்வாய் சுருங்கிய அவர்களுக்கு, நரம்பின் அழுத்தத்தை நீக்குவதோடு எலும்பையும் இணைத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எலும்பு நழுவியவர்களிடம் நடந்த நார்வே ஆய்வும் (2021), இணைக்காமல் விட்டால் மோசமில்லை என்றது. 66 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு (2016) மட்டும் இணைப்புக்குச் சற்றுச் சாதகம்.

துளை சிறியது என்பதால் தேவை பெரிதாகிவிடாது. எந்தக் கூண்டு என்று கேட்குமுன், கூண்டே வேண்டுமா என்று கேளுங்கள் நண்பர்களே!