0.1 வினாடியில் யோசிக்க முடியுமா?

மாணவர்களே, 30 சென்டிமீட்டர் அளவுகோலை உங்கள் விரல்களுக்கிடையே திடீரென விடும்படி நண்பரிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் பிடிப்பீர்கள். அப்படியென்றால் 0.2 வினாடி. கண் கண்டதைக் கை செய்ய அவ்வளவு நேரம் ஆகிறது.

இப்போது ஜாஸ் பியானோவுக்கு வருவோம். ஜான் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' 1959-இல் ஒலிப்பதிவானது. வேகம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 290 தட்டு. ஒரு சுற்று 13 வினாடியில் முடியும். அதற்குள் கார்டு எனப்படும் சுரக்கூட்டு 26 முறை மாறும். ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால், ஒரு சுரத்துக்கு 0.1 வினாடிதான்! தனி வாசிப்புக்கு எழுதிவைத்த தாளும் கிடையாது. அங்கேயே கற்பனை செய்ய வேண்டும்.

"அதெல்லாம் கடவுள் கொடுத்த வரம், சார்" என்பீர்கள். நான் ஏற்கமாட்டேன். சுரத்துக்குச் சுரம் யோசித்து வாசிக்க எந்த மூளையாலும் முடியாது. நாம் பேசும்போது எழுத்தெழுத்தாகவா யோசிக்கிறோம்? சொற்கள் தயாராக இருக்கின்றன. கோப்பது மட்டுமே புதிது. ஜாஸ் கலைஞரின் விரல்களிலும் அப்படித்தான், பல்லாயிரம் முறை பழகிய சிறு சிறு சுரவரிசைகள் காத்திருக்கின்றன.

அந்த 1959 பதிவில் பியானோ வாசித்தவர் டாமி ஃபிளானகன், தேர்ந்த கலைஞர். அவரே தடுமாறினார், இடையிடையே விரல்கள் நின்றுபோவதைக் கேட்கலாம். 1982-இல் அதே பாடலைத் தம் குழுவோடு மீண்டும் பதிவு செய்தார். தடுமாற்றம் இல்லை. வரம் என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டுமே!

2008-இல் சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். கற்பனையாக வாசித்தபோது, நம்மைக் கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பழகாதவர் அந்தக் காவலை விலக்கினால் வருவது இசையல்ல, இரைச்சல்.

எஸ்.பி.எம். வருகிறது என்று படிவம் 4-இல் இசை வகுப்பை நிறுத்தும் பெற்றோரிடம் விஜய் ஐயரைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கணிதமும் இயற்பியலும் படித்தார். பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றார். இன்று ஹார்வர்டில் பேராசிரியர்.

நம் புலாவ் செபாங்கில் ஜாஸ் ஆசிரியரைத் தேடுவது கடினம். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலி இலவசம். 60 தட்டில் தொடங்குங்கள். பிழையின்றிப் பத்து முறை வாசித்த பிறகே 64.