எண்ணுறதுக்கு எதுக்கு ஒப்பீடு?

ஹாஸ்கெல் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'டபிள்யூ-ஆல்' போட்டு கம்பைல் பண்ணேன், ஒரு வார்னிங்கும் வரலை, அதனால கோடு சுத்தம்னு முடிவு கட்டிடாதீங்க. பேர்லதான் 'ஆல்' இருக்கு. தேவையில்லாத கன்ஸ்ட்ரெயின்ட்டைக் காட்டிக்கொடுக்கும் வார்னிங் ஜிஹெச்சி 8.0-லயே, அதாவது 2016-லயே வந்தாச்சு. ஆனா 'ரிடன்டன்ட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' ஃபிளாகை நாமதான் தனியா போடணும்.

லிஸ்டில் எத்தனை உருப்படி இருக்குன்னு எண்ணும் ஃபங்ஷன் ஒண்ணு எழுதுறீங்கன்னு வைங்க. பழக்கதோஷத்துல டைப்பில் 'ஈக்யூ' சேர்த்துட்டீங்க. அதாவது, உருப்படிகள் சமமான்னு ஒப்பிட முடியணும். உள்ளே நீங்க எதையும் ஒப்பிடவே இல்லை. கம்பைல் ஆகும், விடையும் சரியா வரும். ஆனா உங்க டீம்மேட் ஃபங்ஷன்கள் அடங்கிய லிஸ்டைக் கொடுத்தா எரர்! ஃபங்ஷனுக்கு 'ஈக்யூ' கிடையாதே. நீங்க பாட்டுக்கு எழுதின ஒரு வார்த்தைக்கு அவர் மண்டையை உடைச்சுக்கணும். அவர் அதை வச்சு ஒரு பொதுவான ஃபங்ஷன் எழுதினா, அதுலயும் அதே 'ஈக்யூ' தொத்திக்கும்.

'ஆர்ட்' இருக்கும்போதே 'ஈக்யூ'வும் எழுதுறதை இதே வார்னிங் பிடிக்கும். அது யாரையும் தடுக்காது, விடுங்க.

சில சமயம் வேணும்னே கேட்டு வைப்போம். இன்னைக்கு லிஸ்ட், நாளைக்கு அதை சர்ச் ட்ரீயா மாத்தப்போறோம்னா 'ஆர்ட்' இப்பவே இருக்கட்டும். ஆனா ஏன்னு ஒரு வரி கமென்ட் எழுதிட்டு, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் வார்னிங்கை அணைங்க.